மத்திய ஆசியா பக்கத்துலதான் இருக்கு, ஆனா நம்ம சரக்கு ஏன் போய்ச் சேர மாட்டேங்குது?

கேள்வி இதுதான். கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான்னு அந்த அஞ்சு நாட்டுலயும் எண்ணெய், கேஸ், யுரேனியம், தங்கம்னு கொட்டிக் கிடக்கு, அவங்களுக்கும் நமக்கும் எந்தப் பகையும் இல்ல, அப்புறம் ஏன் எல்லாத்தையும் சீனாவே அள்ளிட்டுப் போகுது, இந்தியா என்னதான் பண்ணிட்டு இருக்கு, துர்க்மெனிஸ்தான் கேஸைக் கொண்டு வர்றதா சொல்ற டாபி பைப்லைன் வருமா வராதா, ஈரான்ல சாபஹார் துறைமுகம் வந்தா எல்லாம் மாறிடுமா. இதுக்கு வழக்கமா வர்ற பதில் "டெல்லிக்காரங்க தூங்கிட்டாங்க"ங்கறது. அது பாதி உண்மை கூட இல்ல. நான் சரக்கு அனுப்பற தொழில்ல, ஃப்ரைட் ஃபார்வர்டிங்ல இருக்கேன், உஸ்பெகிஸ்தான்ல தாஷ்கண்ட், கஜகஸ்தான்ல அல்மாட்டி பக்கம் போற சரக்குக்கு பேப்பர் போட்டிருக்கேன், அதனால இதை கைகுலுக்கற ஃபோட்டோ பக்கம் இருந்து பார்க்காம ரோடு, ரயில், கப்பல் பக்கம் இருந்து பார்க்கறேன், அங்க இருந்து பார்த்தா விஷயம் வேற மாதிரி தெரியுது.

முதல்ல தூரம். டெல்லியில இருந்து தாஷ்கண்டுக்கு நேர்கோட்டுல 1,600 கிலோமீட்டர் பக்கம். டெல்லியில இருந்து சென்னைக்கு 1,750. அதாவது டெல்லிக்கு நம்மள விட உஸ்பெகிஸ்தான் தலைநகரம் கிட்ட இருக்கு. ஃப்ளைட்ல மூணு மணி நேரம். ஆனா தரை வழியா போகணும்னா நடுவுல பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான். ஜம்மு காஷ்மீர் முழுசும் நம்ம கையில இருந்திருந்தா கில்கிட் தாண்டி வாகான்னு ஆப்கானிஸ்தானோட ஒரு ஒல்லியான பட்டை நிலம் வரும், சில இடத்துல அதோட அகலம் 15 கிலோமீட்டர் பக்கம்தான், அதுக்கு அந்தப் பக்கம் தஜிகிஸ்தான். 1947-48ல கில்கிட் பாகிஸ்தான் கைக்குப் போனதோட அந்தக் கதவு சாத்திக்கிச்சு. பாகிஸ்தான் நம்ம சரக்கை அவங்க மண்ணு வழியா அந்தப் பக்கம் விடறதே இல்ல. ஆப்கானிஸ்தான் லாரி வாகா வரைக்கும் வந்து பழமும் பருப்பும் இறக்கிட்டுப் போகும், திரும்பிப் போறப்ப நம்ம சரக்கை ஏத்திட்டுப் போகக் கூடாது, 2025 ஏப்ரல்ல எல்லையை மூடற வரைக்கும் அவ்வளவு வருஷமா இதுதான் ஏற்பாடு.

தரைதான் மூடியிருக்கு, வானமாவது இருக்குன்னு நினைச்சோம். 2025 ஏப்ரல்ல பஹல்காம் தாக்குதலுக்கு அப்புறம் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வான்வெளியை மூடினதும் இண்டிகோ அல்மாட்டி, தாஷ்கண்ட் ரெண்டு சர்வீஸையும் அந்த வாரமே நிறுத்த வேண்டியதாயிடுச்சு, ஏன்னா சுத்திப் போனா அந்தச் சின்ன விமானத்தோட ரேஞ்சுக்குள்ள வராது. உஸ்பெக், கஜக் விமான கம்பெனிகளுக்கு அந்தத் தடை இல்ல, அவங்க பறந்துட்டுதான் இருந்தாங்க. நம்ம கம்பெனிக்கு மட்டும் வழி இல்ல. பக்கத்து ஊருக்குப் போக மூணாவது ஆள்கிட்ட அனுமதி கேட்கற நிலைமை, இதை மனசுல வெச்சுக்கிட்டு மீதியைப் படிங்க.

ஒரு கன்டெய்னர் மருந்து மும்பையில இருந்து தாஷ்கண்டுக்கு எப்படிப் போகுதுன்னு சொல்றேன். நவசேவா துறைமுகத்துல ஏத்தி ஈரான்ல பந்தர் அப்பாஸ் துறைமுகத்துல இறக்கணும். அங்க இருந்து லாரியோ ரயிலோ பிடிச்சு ஈரானை தெக்கு வடக்கா முழுசா தாண்டி, வடகிழக்கு மூலையில சரக்ஸ்னு ஒரு எல்லைக்குப் போகணும். ஈரான் தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர் அகலம், சோவியத் காலத்துல போட்ட தண்டவாளம் எல்லாம் 1,520, அதனால ரயில்ல போனா எல்லையில ஒண்ணு வண்டியோட சக்கரப் பகுதியை மாத்தணும், இல்லைன்னா பெட்டியைத் தூக்கி வேற வண்டியில வைக்கணும். அப்புறம் துர்க்மெனிஸ்தான் முழுக்க தாண்டி ஃபராப்ங்கற எல்லையில உஸ்பெகிஸ்தானுக்குள்ள நுழைஞ்சு, புகாரா, சமர்கந்து எல்லாம் கடந்து தாஷ்கண்ட். துர்க்மெனிஸ்தான் விசா கெடுபிடி உள்ள நாடு, டிரைவருக்கு பேப்பர் வரலைன்னா லாரி எல்லையிலயே நிக்கும். ஒரு மாசத்துக்குள்ள சரக்கு சேர்ந்தா அது நல்ல டிரிப்.

இதுல தூரத்தை விட பெரிய தலைவலி காகிதம். 2018ல அமெரிக்கா ஈரான் மேல திரும்பவும் தடை போட்டதும் பெரிய ஷிப்பிங் லைன்கள் ஈரானுக்குப் போறதை நிறுத்திடுச்சு. லைன்காரன் அவன் கன்டெய்னரைத் தரமாட்டான், நீங்களே பெட்டி வாங்கி அனுப்பணும், போன பெட்டி காலியா திரும்பி வருமாங்கறது உங்க கவலை. பில் ஆஃப் லேடிங்ல, அதாவது கப்பல் சரக்கு ரசீதுல, பந்தர் அப்பாஸ்னு ஒரு வார்த்தை இருந்தா பேங்க்ல எல்சிங்கற கடன் உறுதிக் கடித டாக்குமென்ட்டை நாலு முறை புரட்டுவாங்க, இன்ஷூரன்ஸ்காரன் யோசிப்பான். வாங்கறவன் உஸ்பெகிஸ்தான்ல, விக்கறவன் இந்தியாவுல, மருந்து மேல தடை எதுவும் இல்ல, இருந்தாலும் நடுவுல ஈரான் வர்றதால எல்லாருக்கும் பயம். அதனால நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா சரக்கை கப்பல்ல ஏத்தி மலாக்கா ஜலசந்தி சுத்தி சீனாவுல சிங்டாவ் இல்ல லியன்யுங்காங் துறைமுகத்துல இறக்கி, அங்க இருந்து சீனா ரயில்ல கோர்கோஸ் எல்லை வழியா கஜகஸ்தானுக்கு அனுப்பறாங்க. இந்தியாவோட வடக்குல இருக்கற நாட்டுக்கு இந்தியச் சரக்கு சீனாவோட கிழக்குக் கடற்கரை வழியா போகுது. இன்னொரு வழி ஜார்ஜியாவுல போட்டி (Poti)ங்கற ஊர்த் துறைமுகம், அங்க இருந்து அஜர்பைஜான்ல பாகு, அப்புறம் காஸ்பியன் கடல்ல ஃபெர்ரி. ரெண்டுமே சுத்து வழி, ஆனா பேங்க் கேள்வி கேட்காது.

அதனால இந்தியா மத்திய ஆசியா உறவைப் பத்தி என் கணிப்பு இதுதான். எடை கம்மியா மதிப்பு அதிகமா இருக்கறது, இல்லைன்னா தானே நடந்து போய் விமானத்துல ஏறக்கூடியது, இது ரெண்டும்தான் இந்த உறவுல வேலை செஞ்சிருக்கு. குழாய் பதிக்கணும், தண்டவாளம் போடணும்னு வந்த எதுவும் இன்னைக்கு வரைக்கும் முடியல. யுரேனியம், மருந்து, படிக்கப் போற பசங்க, இவங்க ஜெயிச்ச கணக்கு. கேஸ், எண்ணெய் வயல், ரயில் பாதை, இது தோத்த கணக்கு.

யுரேனியத்தை எடுத்துக்கோங்க. உலகத்துல வருஷம் வருஷம் தோண்டி எடுக்கற யுரேனியத்துல சுமார் 40 சதவீதம் கஜகஸ்தான்லதான் வருது. அங்க சுரங்கம்னா ஆள் உள்ள இறங்கற சுரங்கம் இல்ல, பூமியில போர் போட்டு கந்தக அமிலம் கலந்த தண்ணியை உள்ள விட்டு, பாறையில இருக்கற யுரேனியத்தைக் கரைச்சு இன்னொரு போர் வழியா மேல இழுத்துடறாங்க, அதனால செலவு ரொம்பக் கம்மி. நம்ம பக்கம் 2007-08 காலத்துல நிலைமை எப்படின்னா, கனநீர் அணு உலைகள் யுரேனியம் பத்தாம கொள்ளளவுல பாதி அளவுக்குதான் ஓடிட்டு இருந்துச்சு. ஜார்கண்ட்ல ஜாதுகுடாவுல கிடைக்கறது தரமும் கம்மி அளவும் கம்மி. 2008 செப்டம்பர்ல என்எஸ்ஜிங்கற அணு வினியோக நாடுகள் குழு இந்தியாவுக்கு விலக்கு குடுத்துச்சு, அடுத்த ஜனவரியிலயே, 2009 குடியரசு தின விழாவுக்கு கஜகஸ்தான் அதிபர் நசர்பயேவ்தான் தலைமை விருந்தினர், அந்தப் பயணத்துலயே நம்ம அணுமின் கழகமும் அவங்க அரசு யுரேனியம் கம்பெனி கஜாடோம்ப்ரோமும் ஒப்பந்தம் போட்டாங்க. இதைத் தூக்கம்னு சொல்ல முடியாது. 2011ல மன்மோகன் சிங் கஜகஸ்தான் தலைநகரம் அஸ்தானா போனப்ப சிவில் அணுசக்தி ஒப்பந்தம், 2015 ஜூலையில மோடி போனப்ப 2015-19 காலத்துக்கு 5,000 டன் யுரேனியத்துக்கு ஒப்பந்தம். ஆட்சி மாறினாலும் கொள்கை மாறல. 2019 ஜனவரியில உஸ்பெகிஸ்தானோடயும் யுரேனியத்துக்கு நீண்டகால ஒப்பந்தம் ஆச்சு.

ஏன் இது நடந்துச்சு, மத்தது நடக்கல? 5,000 டன்னை அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சா வருஷத்துக்கு 1,000 டன். மஞ்சள் தூளா டிரம்முல அடைச்சு கன்டெய்னர்ல வெச்சா வருஷத்துக்கு 100 கன்டெய்னர் கூட வேணாம். ஒரு 220 மெகாவாட் கனநீர் உலைக்கு வருஷத்துக்கு 40, 45 டன் இருந்தா போதும். வருஷம் பூரா ஒரு ஊருக்கே கரன்ட் குடுக்கற எரிபொருளை நாலஞ்சு லாரியில கொண்டு வந்துடலாம், எந்த வழியா சுத்தி வந்தாலும் போக்குவரத்துச் செலவு மொத்த விலையில ஒண்ணுமே இல்ல. பூகோளம் இங்க தோத்துப் போச்சு. (நம்ம ஊர்க்காரங்க அடிக்கடி கேட்கறதால சொல்றேன், கூடங்குளத்துக்கு எரிபொருள் ரஷ்யாவுல இருந்து ரெடிமேட் கட்டுகளா வருது, கல்பாக்கத்துல இருக்கற ரெண்டு பழைய உலையும் சர்வதேசக் கண்காணிப்புல இல்லாததால வெளிநாட்டு யுரேனியத்தை அங்க போட முடியாது. கஜக் யுரேனியம் ஹைதராபாத்ல எரிபொருள் கட்டா மாறி ராவத்பாட்டா, காக்ராபார் மாதிரி கண்காணிப்புல இருக்கற உலைகளுக்குப் போற சரக்கு.)

இப்ப எண்ணெய்க்கு வருவோம், இங்கதான் எனக்கு நிஜமாவே வயிறு எரியும். 2005ல பெட்ரோகஜகஸ்தான்னு ஒரு கம்பெனி விலைக்கு வந்துச்சு, நம்ம அரசு எண்ணெய் கம்பெனி ஓஎன்ஜிசியும் மிட்டலும் சேர்ந்து கேட்டாங்க, கடைசியில சீனாவோட அரசு எண்ணெய் கம்பெனி சிஎன்பிசி 418 கோடி டாலர்னு விலையை ஏத்தி வாங்கிட்டுப் போயிடுச்சு. சரி, ஏலம்னா அப்படித்தான். ஆனா 2012-13ல நடந்தது வேற ரகம். காஸ்பியன் கடல்ல கஷகான்னு மிகப் பெரிய எண்ணெய் வயல், அதுல கொனோகோபிலிப்ஸ் கம்பெனிக்கு 8.4 சதவீதப் பங்கு. அதை 500 கோடி டாலருக்கு ஓஎன்ஜிசியோட வெளிநாட்டுப் பிரிவான ஓஎன்ஜிசி விதேஷுக்கு விக்கறதா 2012 நவம்பர்ல முடிவாச்சு. இந்தியா வெளிநாட்டுல பண்ண எண்ணெய் டீல்லயே பெருசுல ஒண்ணு. கஜகஸ்தான் சட்டப்படி இந்த மாதிரி பங்கு விற்பனைக்கு வந்தா முதல்ல வாங்கற உரிமை அவங்க அரசாங்கத்துக்கு. 2013 ஜூலையில அந்த உரிமையை எடுத்து பங்கை அவங்களே வாங்கிக்கறோம்னு சொல்லிட்டாங்க. செப்டம்பர்ல ஷி ஜின்பிங் அஸ்தானா வந்தாரு, நசர்பயேவ் பல்கலைக்கழகத்துல பேசினாரு, புதிய பட்டுப்பாதைத் திட்டத்தை உலகத்துக்கு முதன்முதலா அறிவிச்ச பேச்சு அதுதான், அதே பயணத்துல கஷகான் பங்கு சிஎன்பிசிக்குப் போறதுக்கு கையெழுத்தும் ஆச்சு. நாம விலை பேசி கை நனைச்ச இலையில அவங்க உட்கார்ந்துட்டாங்க.

இதுல கஜகஸ்தானை நான் குத்தம் சொல்லமாட்டேன். அவங்க இடத்துல இருந்து யோசிங்க. சீனா அந்த நாட்டுக்குக் குழாய் போட்டிருக்கு, கடன் குடுத்திருக்கு, எண்ணெயை எல்லையிலேயே வாங்கிக்குது. நாம பங்கு வாங்கினாலும் எண்ணெயை எப்படி எடுத்துட்டு வருவோம்? கஜகஸ்தானோட ஏற்றுமதி எண்ணெயில பெரும்பகுதி ரஷ்யா வழியா கருங்கடல்ல நோவோரோசிஸ்க்குக்குக் குழாய்ல போய் கப்பல் ஏறுது, இந்தியாவும் அந்த எண்ணெயை அங்க இருந்து சந்தை விலையில வாங்கத்தான் செய்யுது, சில வருஷம் இந்தியா கஜகஸ்தான் வர்த்தகம் திடீர்னு ஏறித் தெரியறதுக்கு அந்தக் கப்பல்கள்தான் காரணம். அதுக்கு வயல்ல பங்கு தேவையில்ல. இன்னொண்ணும் சொல்லணும், கஷகான்ல உற்பத்தி ஆரம்பிச்ச அதே மாசத்துல ஹைட்ரஜன் சல்ஃபைடு அரிச்சு குழாய் வெடிப்பு விட்டு நிறுத்திட்டாங்க, ரெண்டு குழாயையும் மாத்தி திரும்ப ஓட ஆரம்பிச்சது 2016 கடைசியில. அந்த 500 கோடி டாலர் நம்மளோடதா இருந்திருந்தா மூணு வருஷம் முடங்கிக் கிடந்திருக்கும். அதே கஜகஸ்தான்ல நமக்குக் கிடைச்ச சத்பயேவ் வயல்ல 25 சதவீதம் எடுத்தோம், 2015ல மோடி போய் துளை போடறதைத் தொடங்கி வெச்சாரு, எண்ணெய் லாபகரமா இல்ல, வெளிய வந்துட்டோம்.

டாபி. துர்க்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா. கல்கினிஷ்ங்கற ராட்சச கேஸ் வயல்ல ஆரம்பிச்சு ஹெராத், கந்தஹார், குவெட்டா, முல்தான் வழியா பஞ்சாப்ல ஃபாஜில்கா வரைக்கும் 1,800 கிலோமீட்டர் குழாய், வருஷத்துக்கு 3,300 கோடி கன மீட்டர் கேஸ், அதுல இந்தியாவுக்கு 1,400 கோடி, பாகிஸ்தானுக்கும் அதே அளவு, மீதி ஆப்கானிஸ்தானுக்கு. 2010 டிசம்பர்ல நாலு நாடும் துர்க்மெனிஸ்தான் தலைநகரம் அஷ்கபாத்துல கையெழுத்துப் போட்டுச்சு, 2015 டிசம்பர்ல அதே நாட்டுல மாரி நகரம் பக்கத்துல அடிக்கல், நம்ம பக்கம் துணை ஜனாதிபதி ஹமீத் அன்சாரி போயிருந்தாரு. 2019க்குள்ள கேஸ் வந்துடும்னு சொன்னாங்க. ஆப்கன் பகுதியில 2018ல ஒரு தொடக்க விழா, 2024 செப்டம்பர்ல தாலிபான் ஆட்சியில இன்னொரு தொடக்க விழா.

எல்லாரும் ஆப்கன் பாதுகாப்பையும் பாகிஸ்தானையும்தான் காரணமா சொல்வாங்க. அது பெரிய காரணம்தான், நம்ம ஊர் அடுப்பையும் உரத் தொழிற்சாலையையும் ஒரு குழாயில கட்டி அந்தக் குழாயோட வால்வை பாகிஸ்தான் கையில குடுக்க எந்த அரசாங்கத்துக்கும் தைரியம் வராது, இன்னைக்கு இருக்கற நிலைமையில பேசவே வேணாம். ஆனா அதுக்கு முன்னாடியே இதை நோகடிச்ச ஒரு விஷயம் இருக்கு, அதை யாரும் பெருசா பேசறதில்ல. துர்க்மெனிஸ்தான் தரையில இருக்கற கேஸ் வயல்ல வெளிநாட்டு கம்பெனிக்குப் பங்கு தர்றதில்ல, "எல்லையில குடுத்துடறோம், அதுக்கு மேல உங்க பாடு"ங்கறது அவங்க கொள்கை. வயல்ல பங்கு இல்லாம 1,800 கிலோமீட்டர் சண்டை பூமியில குழாய் போட எந்தப் பெரிய எண்ணெய் கம்பெனி வரும்? வரல. கடைசியில அவங்க அரசு கேஸ் கம்பெனி துர்க்மென்காஸே 85 சதவீதம் தலையில போட்டுக்கிச்சு, பெரிய குழாய் கட்டி அனுபவமும் இல்ல, கையில அவ்வளவு பணமும் இல்ல. இதுக்கு நடுவுல இந்தியா கத்தார் கூட எல்என்ஜிங்கற திரவ கேஸ் ஒப்பந்தத்தை 2024ல இன்னும் 20 வருஷத்துக்கு நீட்டிச்சிடுச்சு, வருஷத்துக்கு 75 லட்சம் டன், கப்பல்ல வருது, பாகிஸ்தான் கையில எந்த வால்வும் இல்ல. டாபி வருமான்னு கேட்டா, ஹெராத் வரைக்கும் வரலாம், ஆப்கானிஸ்தானுக்கு அது நல்லது. ஃபாஜில்காவுக்கு வரும்னு நான் எதிர்பார்க்கல.

சீனாவை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பார்க்கணும். துர்க்மெனிஸ்தான்ல இருந்து உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் வழியா சீனாவோட மேற்குப் பகுதி ஷின்ஜியாங் போற முதல் குழாய் 2009 டிசம்பர்ல திறந்துட்டாங்க, இன்னைக்கு மூணு குழாய், சேர்த்து வருஷத்துக்கு 5,500 கோடி கன மீட்டர் கொள்ளளவு. அதே 2009ல கல்கினிஷ் வயலை மேம்படுத்த துர்க்மென்காஸுக்கு 400 கோடி டாலர் கடனும் குடுத்தாங்க, கேஸாவே திருப்பிக் கட்டற மாதிரி. நடுவுல எதிரி நாடு இல்ல, கஜகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் மூணோடயும் நேரடி எல்லை. 2023ல அஞ்சு நாட்டோட சீனாவோட வர்த்தகம் 8,900 கோடி டாலரைத் தாண்டிச்சு, நம்மளோடது 200 கோடி டாலர் அளவுலயே மேலயும் கீழயும் ஆடுது. இந்த வித்தியாசத்துல பெரும் பங்கு எல்லையால வந்தது, கொஞ்சம் பணத்தால வந்தது. ஆனா கொஞ்சம் நம்ம அக்கறைக் குறைவாலயும் வந்ததுதான், அதை மறைக்க வேணாம். 2015ல ஒரே பயணத்துல அஞ்சு நாட்டுக்கும் போன முதல் இந்தியப் பிரதமர் மோடி. 2022 ஜனவரியில முதல் இந்தியா மத்திய ஆசியா உச்சி மாநாடு கோவிட்னால வீடியோவுல நடந்துச்சு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடத்தலாம்னு முடிவு பண்ணாங்க, 2024ல நடக்கல. சீனா 2023ல ஷியானுக்கு அஞ்சு அதிபரையும் நேர்ல கூப்பிட்டு உட்கார வெச்சுது, 2025ல அஸ்தானாவுல ரெண்டாவது மாநாட்டையும் முடிச்சிடுச்சு. அந்தப் பக்கத்து அரசியல்ல அதிபர் நேர்ல வந்தாரா இல்லையாங்கறது ரொம்ப முக்கியம், கீழ இருக்கற அதிகாரி எவனும் மேல சிக்னல் வராம ஃபைலைத் தொடமாட்டான்.

சாபஹாருக்கு வர்றேன். ஈரானோட தென்கிழக்கு மூலையில, பாகிஸ்தானைத் தொடாம ஆப்கானிஸ்தானுக்கும் மேல மத்திய ஆசியாவுக்கும் போக நாம நம்பி இருக்கற வாசல். 2003ல வாஜ்பாய் காலத்துலயே ஈரானோட பேச்சு. 2009க்குள்ள ஆப்கானிஸ்தான்ல ஜரஞ்ச்ல இருந்து டெலாராம் வரைக்கும் 218 கிலோமீட்டர் ரோட்டை நம்ம பிஆர்ஓ, அதாவது எல்லைச் சாலை அமைப்பு ஆளுங்க உயிரைக் குடுத்துப் போட்டு முடிச்சாங்க, தாலிபான் தாக்குதல்ல நிஜமாவே ஆட்கள் செத்திருக்காங்க. ஆனா துறைமுகத்தை நாம கையில எடுத்து ஓட்ட ஆரம்பிச்சது 2018 டிசம்பர். பத்து வருஷ ஒப்பந்தம் போட்டது 2024 மே. நடுவுல அமெரிக்கத் தடை, விலக்கு, திரும்பத் தடைனு ஆட்டம். 2025 செப்டம்பர்ல அந்த விலக்கை அமெரிக்கா எடுத்துட்டு, அப்புறம் இந்தியாவுக்கு ஆறு மாசம் நீட்டிப்பு குடுத்துச்சு. ஆறு மாச நீட்டிப்பை நம்பி எந்த ஷிப்பிங் லைன் ரெகுலர் சர்வீஸ் போடும், எந்தக் கிடங்குக்காரன் முதல் போடுவான்? அதோட சாபஹார்ல இருந்து சாஹிதான் வரைக்கும் 600 கிலோமீட்டர் சொச்சம் ரயில் பாதை வேணும், நாம கட்டித் தர்றோம்னு 2016ல பேசி, இழுத்து, 2020ல ஈரானே சொந்தமா வேலையை ஆரம்பிச்சுடுச்சு. ரயில் இல்லாத சாபஹார் ஆப்கானிஸ்தானுக்கு கோதுமை அனுப்ப உதவும், 2017ல அனுப்பவும் செஞ்சோம். தாஷ்கண்டுக்கு மருந்து அனுப்ப இன்னைக்கும் பந்தர் அப்பாஸ்தான் சௌகரியம், அங்கதான் தண்டவாளம் இருக்கு.

அந்த நாடுகளுக்கும் கடல் வேணும், உஸ்பெகிஸ்தான் நிலைமை இன்னும் மோசம், ரெண்டு நாட்டைத் தாண்டினாதான் கடல், உலகத்துல அப்படி இருக்கற இன்னொரு நாடு லிச்டென்ஸ்டெய்ன் மட்டும்தான். அதனால அவங்க இந்தியாவுக்காக காத்திருக்கமாட்டாங்க. ஆப்கானிஸ்தான் வழியா பாகிஸ்தான் துறைமுகத்துக்கு ரயில் போட உஸ்பெகிஸ்தான் தீவிரமா பேசிட்டு இருக்கு, சீனா கிர்கிஸ்தான் உஸ்பெகிஸ்தான் ரயில் பாதை வேலை 2024 டிசம்பர்ல ஆரம்பிச்சாச்சு. நமக்கு நட்பு, சரி, ஆனா அவன் பருத்தியையும் தாமிரத்தையும் எந்தத் துறைமுகம் முதல்ல எடுக்குதோ அங்கதான் அனுப்புவான்.

ராணுவப் பக்கமும் இதே கதை. தஜிகிஸ்தான் தலைநகரம் துஷான்பே பக்கத்துல அய்னி விமானதளத்தை நாம 7 கோடி டாலர் போல செலவு பண்ணி, ஓடுதளத்தை 3,200 மீட்டருக்கு நீட்டி சரி பண்ணிக் குடுத்தோம். 2021 ஆகஸ்ட்ல காபூல் விழுந்தப்ப நம்ம ஆளுங்களை தஜிகிஸ்தான் வழியா கொண்டு வர முடிஞ்சுது. 2022ல ஒப்பந்தக் காலம் முடிஞ்சு தளத்தைத் திருப்பிக் குடுத்துட்டோம்.

ஆனா ஜெயிச்ச கணக்குல யுரேனியம் போக இன்னும் ரெண்டு இருக்குன்னேனே, அதுல நம்ம அரசாங்கம் இன்னும் கவனமா இருக்கணும்னு நான் நினைக்கறேன். மருந்து ஒண்ணு. அங்க மருந்துக் கடையில இந்திய மருந்து சாதாரணமா கிடைக்கும், டாக்டர்களும் நம்பி எழுதுவாங்க. 2022 கடைசியில சமர்கந்துல இந்தியாவுல தயாரான இருமல் சிரப் குடிச்சு குழந்தைங்க செத்தாங்க, வழக்குல சொன்ன எண்ணிக்கை 60க்கு மேல. சிரப்புல விஷமான கிளைக்கால் கலந்திருந்துச்சு. இறக்குமதி பண்ண ஆளுங்க, அங்க இருந்த அதிகாரிங்கன்னு நிறைய பேருக்குத் தண்டனை ஆச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் இந்திய சிரப்புன்னாலே அம்மாக்கள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறாங்க, பார்க்காம என்ன பண்ணுவாங்க. ஒரு பைப்லைன் வராம போனதை விட இது எனக்குப் பெரிய நஷ்டமா தெரியுது, ஏன்னா நம்பிக்கை ஒண்ணுதான் பூகோளத்தைத் தாண்டிப் போயிருந்துச்சு.

ரெண்டாவது பசங்க. கிர்கிஸ்தான்ல மட்டும் 15,000 பக்கம் இந்திய மாணவர்கள், பெரும்பாலும் எம்பிபிஎஸ், தமிழ்நாட்டுப் பசங்க நிறைய. உஸ்பெகிஸ்தான்ல சமர்கந்து, புகாராவுக்கும் இப்ப நல்ல கூட்டம் போகுது. நம்ம நாட்டுல இருந்து அந்தப் பக்கம் போற பணத்துல இது சின்னத் தொகை இல்ல, அந்த ஊர்ல வீட்டு வாடகை, மெஸ்ஸுனு ஒரு சின்னப் பொருளாதாரமே இவங்களை நம்பி ஓடுது. 2024 மே மாசம் கிர்கிஸ்தான் தலைநகரம் பிஷ்கெக்ல கும்பல் கூடி வெளிநாட்டு மாணவர்கள் ஹாஸ்டலை அடிச்சப்ப தூதரகம் "வெளிய வராதீங்க"ன்னு சொன்னதுக்கு மேல அந்த ராத்திரி பசங்களுக்குப் பெருசா ஒண்ணும் கிடைக்கல. அனுப்பற பெற்றோர் 54 மாசப் படிப்பு, ஆங்கில வழி, அங்கேயே ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்னு தேசிய மருத்துவ ஆணையம் வெச்சிருக்கற விதிக்கு அந்தக் காலேஜ் பொருந்துதான்னு முதல்ல பார்த்துக்கோங்க, ஏஜென்ட் சொல்றதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க.

இனிமே எங்க வாய்ப்பு இருக்குன்னு கேட்டா, என் கண்ணு குழாய் மேல இல்ல. அரிய கனிமங்கள், டைட்டானியம், இந்த மாதிரி கொஞ்ச எடையில நிறைய மதிப்பு உள்ள சரக்கு மேலதான். 2025 ஜூன்ல டெல்லியில நடந்த வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்துல அரிய கனிமங்களைச் சேர்ந்து தேடலாம்னு அஞ்சு நாடும் இந்தியாவும் ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடியே 2024 நவம்பர்ல, நம்ம மணவாளக்குறிச்சியில கடற்கரை மணல்ல இருந்து கனிமம் பிரிக்கற அதே ஐஆர்இஎல்ங்கற அரசு கம்பெனி, கஜகஸ்தான்ல உஸ்ட் கமெனோகோர்ஸ்க் டைட்டானியம் மெக்னீசியம் ஆலையோட கூட்டு நிறுவனம் தொடங்க ஒப்பந்தம் போட்டிருக்கு, ஒடிசாவுல டைட்டானியம் ஸ்லாக், அதாவது டைட்டானியம் செறிஞ்ச மூலப்பொருள் தயாரிக்க. நம்மகிட்ட டைட்டானியம் கலந்த இல்மனைட் மணல் இருக்கு, அதை மேல கொண்டு போற தொழில்நுட்பம் அவங்ககிட்ட சோவியத் காலத்துல இருந்து இருக்கு. இது பைப்லைன் மாதிரி தலைப்புச் செய்தி ஆகாது, ஆனா மூணாவது நாட்டு வால்வு எதுவும் இதுல இல்ல.

அப்புறம் வரி. கஜகஸ்தானும் கிர்கிஸ்தானும் ரஷ்யா தலைமையில இருக்கற யூரேசியப் பொருளாதார யூனியன்ல இருக்காங்க, அவங்களோட தடையில்லா வர்த்தகப் பேச்சுக்கு 2025 ஆகஸ்ட்ல மாஸ்கோவுல விதிமுறைல கையெழுத்து ஆயிருக்கு. அது முடிஞ்சா மருந்துக்கும் இன்ஜினியரிங் சாமானுக்கும் வரி குறையும், சுத்து வழிச் செலவுல ஒரு பகுதியாவது ஈடாகும். சரக்கு அனுப்பறவங்க அதோட வரிப் பட்டியல் வர்றப்ப கவனிங்க, சாபஹார் செய்தியை விட உங்க இன்வாய்ஸை அதுதான் முதல்ல தொடும்.